டிரில் டீச்சர் வளர்த்த வில்லோ

கிளைகள் தரையைப் பார்த்துத் தொங்கும் ஒரு மரத்தைக் காட்டி யாராவது "இது வீப்பிங் வில்லோ" என்று சொன்னால், நான் உடனே ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்ப்பேன். தைல வாசனை அடித்தால் அது வில்லோ இல்லை, பாட்டில் பிரஷ். புட்டி கழுவும் பிரஷ் மாதிரி சிவப்பாகப் பூக்குமே, அது. நர்சரி வைத்திருப்பவர்கள் முதல் அடுக்குமாடிக் குடியிருப்புச் செயலாளர்கள் வரை முக்கால்வாசிப் பேர் இதைத்தான் வில்லோ என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பொது இடத்தில் நான் இப்படி இலையைக் கிள்ளி மூக்கில் வைத்துக்கொள்வது என் மகளுக்குப் பெரிய மானப் பிரச்சினை. எனக்கு இல்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்குத் திமிர் உண்டு.

திமிர் எங்கிருந்து வந்தது என்று என் வயதுக்காரர்களான உங்களுக்குத்தான் சொல்ல முடியும். மீட்டர் கேஜ் மின்சார ரயிலில் சானடோரியத்தில் ஏறித் தாம்பரத்தில் இறங்கிப் பள்ளிக்கூடம் போனவர்கள் நீங்கள். சிட்லபாக்கத்தில் வீட்டுக்கு வீடு கிணறு இருந்ததையும், மழைக்காலத்தில் அதில் கையை விட்டே தண்ணீர் மொண்டதையும் பார்த்தவர்கள், சித்திரையில் அதே கிணற்றில் வாளி தரை தட்டும் சத்தத்தையும் கேட்டவர்கள். இப்போது ஏரிக்கரை நடைபாதையில் மூட்டு வலிக்காக நடக்கும்போது என்னைப் பார்த்துக் கையாட்டுகிறீர்கள். உங்களில் சிலர் என் அம்மாவிடம் விசில் கயிற்றால் அடி வாங்கியவர்களும்கூட. ஆகவே பொய் சொல்ல முடியாது.

அம்மா தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. அப்படி ஒரு பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் டிரில் டீச்சர். கணக்கு டீச்சருக்குப் பாடம் முடியவில்லையா, டிரில் பீரியடை எடுத்துக்கொள்வார். அறிவியல் டீச்சருக்குப் பரீட்சை வைக்க வேண்டுமா, அதற்கும் டிரில் பீரியட்தான். காலை ஜெபத்தில் மயங்கி விழும் பிள்ளைக்கு சோடா வாங்கிக் கொடுப்பதும், ஆண்டு விழாவில் வாசலில் நின்று கூட்டத்தை வரிசையாக விடுவதும் அம்மாவின் வேலை. பிள்ளைகள் மேடையில் ஆடியதை அம்மா ஒரு வருஷம்கூடப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் கான்வாஸ் ஷூவுக்கு வெள்ளை பாலிஷ் அடித்துக் காயவைப்பாள். வீடெல்லாம் ஈரச் சுண்ணாம்பு வாடை அடிக்கும். சேலைக்கு அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் விசிலோடு அவள் ரயிலில் நிற்பாள். நான் அதே பள்ளியில் படித்தேன். கொஞ்சம் தள்ளித்தான் நிற்பேன்.

அம்மாவுக்கு ஒரு தனித்திறமை இருந்தது. மைதானத்தின் இந்தக் கோடியில் நின்றுகொண்டு, அந்தக் கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கும் பெண் யார் என்று பெயர், வகுப்பு, பிரிவோடு சொல்வாள். நடக்கிற தினுசு, தோள் சாய்கிற விதம், பின்னல் ஆடுகிற விதம் என்று எதையோ வைத்துச் சொல்வாள். ஒருநாளும் தப்பியதில்லை. இதை யாரும் திறமை என்று நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

நான் எட்டாவது படித்தபோது, கால் பரீட்சை லீவில் பத்தாம் வகுப்புப் பெண்களைக் கொடைக்கானலுக்கு டூர் கூட்டிப்போனார்கள். பிள்ளைகளைக் கட்டி மேய்க்க அம்மா போனாள். எட்டாவதுக்கு இடமில்லை என்று என்னை விட்டுவிட்டார்கள். மூன்று நாள் அப்பா சமைத்த ரசத்தைக் குடித்துக்கொண்டு அழுதேன். கொடைக்கானலை நான் பார்க்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த கூத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

அங்கே ஏரிக்கரையில் பனி இறங்கிவிட்டதாம். அறுபத்திரண்டு பெண்களும் நாலா பக்கமும் சிதறிவிட்டார்கள். விசில் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே யாருக்கும் தெரியவில்லை. கரையில் ஒரு மரத்தின் கிளைகள் தண்ணீரைத் தொடுகிற அளவுக்குத் தொங்கிக்கொண்டிருக்க, ஒரு தோட்டக்காரர் அவற்றைக் கழித்துக்கொண்டிருந்தார். அம்மா அந்தக் குவியலிலிருந்து தன் தோள் உயரத்துக்கு ஒரு கம்பை எடுத்தாள். பக்கத்தில் நின்ற பெண்ணின் பின்னலிலிருந்து சிவப்பு ரிப்பனை உருவி அதன் நுனியில் கட்டினாள். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் அந்த மரத்தடியிலேயே நின்றாள். சிவப்பைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்தார்கள். அறுபத்திரண்டு தலையும் எண்ணி முடித்த பிறகுதான் தோட்டக்காரரிடம் மரத்தின் பெயரைக் கேட்டாளாம். வீப்பிங் வில்லோ என்று அவர் சொன்னார்.

கம்பைத் தூக்கிப்போட அவளுக்கு மனம் வரவில்லை. பஸ்ஸில் தலைக்கு மேலே மூட்டைகளோடு வந்து சேர்ந்தது. கொல்லையில் துணி துவைக்கும் கல்லை ஒட்டி அவரைக்கொடி சரிந்து கிடந்தது. அதற்கு முட்டுக் கொடுக்கக் கம்பை ஊன்றினாள். சிவப்பு ரிப்பனைக்கூட அவிழ்க்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் துணி காயவில்லை, பள்ளிக்கூடம் இல்லை. மழை விட்ட ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டு நின்றபோது பார்க்கிறேன், கம்பு முழுக்கப் பச்சைப் பொட்டு. கிட்டே போனால் ஒவ்வொரு பொட்டும் மூடிய இலைக் குருத்து. எனக்குப் பொறுக்கவில்லை. கம்பைப் பிடுங்கிப் பார்த்தேன். அடியில் வெள்ளை நூல் நூலாக வேர். கூப்பாடு போட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்துவிட்டு முதலில் என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு கம்பை அதே குழியில் நட்டு, காலால் மண்ணை மிதித்து, சிரித்தாள். வெகுநேரம் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அவரைக்கொடி செத்தது, கம்பு பிழைத்தது. தை பிறப்பதற்குள் உச்சியிலிருந்து கொத்தாகக் கிளை விட்டு, விட்ட கிளையெல்லாம் கீழ்நோக்கி வளைந்தது. இலை மெலிசு. விரல் நீளம். மேலே பச்சை, கீழே திருநீறு பூசியது போல வெளுப்பு. ஓரத்தில் விரலை ஓட்டினால் பொடிப்பொடியாகப் பல் தட்டுப்படும். காற்று வந்தால் மரம் முழுவதும் ஒரே நேரத்தில் வெளுத்துத் திரும்பும். தெருப் பையன்கள் கிரிக்கெட் மட்டை செய்கிற மரம் இதுதானாமே என்று கேட்டு வந்து, கட்டைவிரல் பருமனில் நின்றதைப் பார்த்துவிட்டு ஏமாந்து போனார்கள்.

தெருமுனையில் வண்டி போட்டு இஸ்திரி போடும் அக்கா ஒருநாள் துணி வாங்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு நின்றார். "இன்னா டீச்சர் இது, எழவு வூட்டுல கீற மாரி தலைய விரிச்சிகினு நிக்கிது. வூட்டுக்கு ஆவாது, வெட்டிடு" என்றார். மரத்தின் பெயரே அழுகிற மரம் என்பதை நல்லவேளை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அம்மா கொஞ்சமும் அசரவில்லை. வெளியூரிலிருந்து ஹாஸ்டலுக்கு வந்த பிள்ளை, தலை பின்னிவிட ஆளில்லை, நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்றாள்.

அம்மா பள்ளியிலும் சொல்லிவிட்டாள். ஆசிரியைகள் அறையில் அவள் பேசுவதே அபூர்வம். அன்றைக்கு, கொடைக்கானல் கம்பு துளிர்த்து வில்லோ மரமாகிவிட்டது என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லியிருக்கிறாள். அறிவியல் டீச்சர் நம்பவில்லை. கம்பை நட்டால் மரம் வர இது என்ன முருங்கையா என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம். சிரித்ததை என் வகுப்புப் பெண் ஒருத்தி, யாரோ சொல்லக் கேட்டு, எனக்கு வந்து சொன்னாள். எனக்குக் காது சுட்டது. அம்மா மீதுதான் கோபம் வந்தது.

இனி பேராசிரியர். பக்கத்து வீட்டில் இருந்தார். அரசுக் கல்லூரியில் தாவரவியல். எங்கள் தெருவில் யாருக்குச் சான்றிதழ் நகலில் அட்டெஸ்டேஷன் வேண்டுமானாலும் அவரிடம்தான் போக வேண்டும். அவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திவிட்டால் நகல் அசலாகிவிடும். காலை எட்டு மணிக்கு அவர் வீட்டு வாசலில் வேலைக்கு மனுப் போடுகிற பையன்களும் பெண்களும் நிற்பார்கள். யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார், நல்ல மனிதர். அவர் சொன்னால் அது சரி என்பதில் தெருவில் இரண்டாம் பேச்சு கிடையாது.

அவர் வீட்டு கேட் ஓரமாக ஒரு பாட்டில் பிரஷ் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பூவைப் பறித்துச் சுவருக்கு வெள்ளையடிப்பது எங்கள் விளையாட்டு. விளையாடிவிட்டு வந்தால் கையெல்லாம் தைல வாசனை. அம்மா சாப்பாட்டுத் தட்டை நீட்டும்போதே, புரொபசர் வீட்டு வாசலுக்குப் போனியா, போய்க் கையைக் கழுவு என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் மொட்டை மாடியில் வடாம் காவலுக்கு உட்கார்ந்திருந்தவர், எங்கள் கொல்லையை எட்டிப் பார்த்தார். கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. அம்மா ஆசையாக, "வீப்பிங் வில்லோ சார்" என்றாள். அவர் சிரித்தார். கேலியாக இல்லை, கனிவாகத்தான். "இல்ல டீச்சர், இது பாட்டில் பிரஷ். எங்க வீட்டுல நிக்கிதே, அதே ஜாதி. வில்லோ மலையில வர்ற மரம், இங்க வராது" என்றார். அம்மா துணியை அலசப் போய்விட்டாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். என் கைக்கு எட்டும் தூரத்தில் இலை ஆடிக்கொண்டிருந்தது. அந்த இலையை நான் தினமும் கிள்ளியிருக்கிறேன், கசக்கியிருக்கிறேன். அதில் பச்சைப்புல் வாசனையைத் தவிர வேறொன்றும் கிடையாது என்று என் மூக்குக்குத் தெரியும். இருந்தும், கொடைக்கானல் மரத்தைக் கண்ணால் பார்க்காத நான் பேராசிரியர் சொன்னதைத்தான் நம்பினேன். பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறவர் சொல்கிறாரே, டிரில் டீச்சருக்கு என்ன தெரியும்?

அந்தச் சித்திரையில் கிணறு வற்றியது. ஆளுக்கு ஒரு வாளி என்று அப்பா அளந்து வைத்தார். பாரிமுனையில் ஓர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர், எதையும் அளந்துதான் செய்வார். வில்லோவோ தண்ணீர்க் குடியன். இதை வளர்க்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்கிற ஒரே பாடம் இதுதான்: கம்பைத் தலைகீழாக நடாதீர்கள், ஈரம் காயவிடாதீர்கள், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். நாங்கள் அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர், ஷூ துடைத்த தண்ணீர் எல்லாவற்றையும் அதற்கே கொண்டுபோய் ஊற்றினோம். அப்பா மட்டும் 'உங்க அம்மாவோட கம்பு' என்று முணுமுணுப்பார், அதற்கு ஒரு சொம்பு தர மாட்டார். ஆனால் அந்தக் கோடை முழுவதும், குளியலறையில் புழுக்கம் என்று சொல்லிக்கொண்டு, துவைக்கிற கல் மேல் நின்று திறந்தவெளியில் குளித்தார். அவர் பங்கு ஒரு வாளித் தண்ணீரும் மரத்தடிக்குத்தான் ஓடியது. இது எனக்குப் புரிய முப்பது வருஷம் ஆயிற்று.

மரத்தின் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு கேட்டு என்னை அழவைக்காதீர்கள். ஏழு வருஷம் இருந்தது. தண்ணீர் வாசம் பிடித்துக்கொண்டு வேர் செப்டிக் டேங்குக்குப் போய்விட்டது. குழாய்க்காரர் உள்ளேயிருந்து இழுத்தபோது சவுரிமுடி போல முழ நீளத்துக்குக் கற்றையாக வந்தது. துவைக்கிற கல் ஓரத்தில் நட்டது முட்டாள்தனம் என்று அப்போதுதான் தெரிந்தது. வெட்டச் சொன்னது அம்மாதான். வெட்டிய கிளைகளில் நல்லதாக இருபது கம்பு பொறுக்கி, பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் எங்கள் ஊர் ஏரிக்கரையில் வரிசையாக நட்டாள். டிரில் வரிசை, கை நீட்டினால் இடிக்காத இடைவெளி. பெரும்பாலானவற்றை ஆடு மேய்ந்தது. இரண்டு மட்டும் கரை உயர்த்துகிற வரைக்கும் நின்றன.

இனி நான் சொல்ல வந்தது. நான் ஒன்பதாவது போன வருஷம், ஆவணி மாதம், பள்ளியில் கண்காட்சி வைத்தார்கள். ஒவ்வொரு டீச்சருக்கும் ஒரு மேஜை. அம்மாவுக்கு வழக்கம்போல் வாசல். ஆனால் அம்மா நேரே எச்.எம். அறைக்குப் போய், எனக்கும் ஒரு மேஜை வேண்டும், வில்லோ வைக்கப்போகிறேன் என்று கேட்டிருக்கிறாள். பதினாறு வருஷ சர்வீசில் அவள் தனக்கென்று கேட்ட முதல் பொருள் அந்த மேஜை. எச்.எம். யோசித்துவிட்டுச் சரி என்றார். ஒரு நிபந்தனை: கண்காட்சியைப் பார்த்து மார்க் போட ஒரு தாவரவியல் பேராசிரியர் வருகிறார், அவர் ஒப்புக்கொண்டால்தான் மேஜை நிற்கும், தப்பான பெயர் இருந்தால் எடுத்துவிட வேண்டும். வரப்போவது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளிக்கூடம் முழுக்கப் பார்க்க, அம்மாவின் மேஜையை இரண்டு பெண்கள் தூக்கிக்கொண்டு போவது கண் முன்னால் தெரிந்தது. அம்மா என்னவோ நிம்மதியாக இருந்தாள். ஆனியிலேயே கொல்லை மரத்தில் ஒடித்த ஒரு சின்னக் கம்பைப் பெயிண்ட் டப்பாவில் நட்டு வைத்திருந்தாள். அது செழித்து, டப்பாவின் விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. முதல்நாள் சாயங்காலம் ஓர் அட்டையை என்னிடம் கொடுத்து, "உனக்குத்தான் எழுத்து அழகா வரும், பேர எழுதி ஒட்டிடு" என்று சொல்லிவிட்டு, மைதானத்தில் கோடு போடுகிற வேலைக்காகத் திரும்பப் பள்ளிக்குப் போனாள்.

நான் அட்டையில் எழுதினேன். 'பாட்டில் பிரஷ்' என்று எழுதினேன். கீழே கோடு போட்டு, பூ வரைந்து சிவப்புக் கலரும் அடித்தேன். அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. பேராசிரியர் வருவார், பெயர் சரி என்பார், மேஜை தப்பிக்கும். சோற்றுப் பசையால் டப்பாவில் ஒட்டி, வழியில் இலை உதிராமல் இருக்க என்று சொல்லிச் சுற்றிலும் செய்தித்தாளைக் கட்டிவிட்டேன்.

காலையில் அம்மா நேரே வாசலுக்குப் போய்விட்டாள். மேஜையில் டப்பாவை வைத்துத் தாளைப் பிரித்தது நான். பதினோரு மணி வாக்கில் எச்.எம்.மும் பேராசிரியரும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அட்டையைப் படித்ததும் பேராசிரியர் முகம் மலர்ந்தது. டீச்சர் திருத்திக்கொண்டார்களே, ரொம்ப சந்தோஷம் என்றார். எச்.எம். உடனே அம்மாவைக் கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பினார். கழுத்தில் விசில் ஆட அம்மா வேகமாக வந்தாள். வந்தவள் அட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதற்கு முன்னும் பின்னும் என்னை எத்தனையோ தடவை அடித்திருக்கிறாள், அந்தப் பார்வைக்கு அதெல்லாம் ஒன்றுமே இல்லை.

"பேனா குடு" என்றாள். பசை நன்றாகக் காயாததால் அட்டை முழுசாக உரிந்து வந்தது. அதைத் திருப்பிப் போட்டு, குனிந்து எழுத ஆரம்பித்தாள். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது போலப் பெரிய பெரிய எழுத்து. பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அறிவியல் டீச்சரும் வந்து நின்றார். அம்மா அவசரப்படாமல் மூன்று வரி எழுதி, அட்டையை டப்பா மீது சாய்த்து வைத்தாள்.

வீப்பிங் வில்லோ.
கொடைக்கானல் ஏரிக்கரை.
வளர்த்தவர்: டிரில் டீச்சர்.

பேராசிரியர் தர்மசங்கடத்தோடு எச்.எம்.மைப் பார்த்தார். பிள்ளைகள் தப்பாகப் படித்துவிடும் டீச்சர் என்று மெதுவாகச் சொன்னார்.

அம்மா குரலை உயர்த்தவில்லை. "சார், இந்த ஸ்கூல்ல இருக்கிற ஒவ்வொரு புள்ளையையும் முதுகப் பாத்தே யாருன்னு சொல்லுவேன். அந்த மரத்தடியில மூணு மணி நேரம் நின்னேன். அதுலேர்ந்து வெட்டுன கம்ப என் கையால கொண்டாந்து நட்டேன். இது அந்த மரந்தான். மேஜைய எடுக்கணும்னா எடுத்துக்குங்க. பேர மாத்த மாட்டேன்."

எனக்குப் பேசும் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், துணிச்சலே இல்லை, வெட்கம்தான். அட்டையின் அந்தப் பக்கத்தில் என் அழகான எழுத்து இருந்ததே, அந்த வெட்கம். அழுகையும் பேச்சும் சேர்ந்து வந்தன. "சார், உங்க வீட்டு மரத்து இலையக் கசக்குனா தைல வாசன வரும். இதுல வராது. நான் தெனமும் ரெண்டையும் பறிக்கிறேன்" என்றேன்.

பேராசிரியர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கினார். ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்தார். விரலை மறுபடி மோந்தார். இன்னொரு இலையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதன் ஓரத்தில் நகத்தை மெல்ல ஓட்டினார். அடிப்பக்கத்தைத் திருப்பினார். அதற்குள் மணி அடித்து, அடுத்த வகுப்புப் பிள்ளைகள் கூட்டமாக உள்ளே வந்து, எங்களைச் சுற்றி நின்றுவிட்டார்கள்.

அவர் எச்.எம்.மிடம் சொன்னார், பிள்ளைகளுக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்: "நான் இத இதுவரைக்கும் தொட்டே பாக்கல மேடம். மாடியிலேர்ந்து எட்டிப் பாத்துட்டுச் சொல்லிட்டேன். டீச்சர் சொன்னதுதான் சரி."

அந்தக் காலத்தில் பெரியவர்கள் யாரும் பிள்ளைகள் முன்னால் தங்கள் தப்பை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. அந்த மனிதருக்கு அதற்காக இன்றைக்கும் ஒரு கும்பிடு போடுகிறேன். பரிசு என்னவோ வழக்கம்போல் அறிவியல் டீச்சரின் அணைக்கட்டு மாடலுக்குத்தான் போயிற்று. அம்மா பரிசு அறிவிப்புக்குக்கூட நிற்கவில்லை. வாசலில் பிள்ளைகள் வரிசை கலைந்துவிட்டது என்று ஓடிவிட்டாள். ஆனால் சாயங்காலம் வரைக்கும் அந்த மேஜையைச் சுற்றிக் கூட்டம் குறையவில்லை. இலையைக் கசக்கிக் கசக்கி மோந்து பார்த்து, சின்ன மரத்தைப் பாதி மொட்டையாக்கிவிட்டார்கள்.

ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம். அம்மா டப்பாவைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு நான் தள்ளி நிற்கவில்லை, அவள் முந்தானை என் மேல் படும்படி ஒட்டி நின்றேன். சானடோரியத்தில் இறங்கியதும் அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி உள்ளே இருந்த கல்லைத் தட்டினாள். தட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏன்டி அப்படி எழுதுன?"

"சார் சொன்னாரேன்னு."

"நானும் சொன்னேன்ல."

கோபமாகச் சொல்லவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிற குரலில் சொன்னாள். பிளாட்பாரத்தில் எல்லோரும் பார்க்க விக்கி விக்கி அழுதேன். அவள் ஷூவை மாட்டி, கயிற்றை இரண்டு முடிச்சாகப் போட்டு முடிக்கும் வரைக்கும் அழவிட்டாள். பிறகு எழுந்து டப்பாவை என் கையில் கொடுத்தாள்.

"அட்டை வெளியில தெரியிற மாதிரி புடி. நிமிந்து நட."

நடந்தேன். லெவல் கிராசிங்கைத் தாண்டி, மாவு மில்லைத் தாண்டி, எங்கள் தெருவுக்குள் நுழைந்தேன். ஈர மண் நிரம்பிய டப்பா கனத்தது. இஸ்திரி அக்கா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இன்னா கண்ணு அது என்று கேட்டார். வீப்பிங் வில்லோ, எங்க அம்மா கொடைக்கானல்லேர்ந்து கொண்டாந்து வளர்த்தது என்றேன். எதிர்வீட்டில் கேட்டார்கள், சொன்னேன். சைக்கிளில் போன போஸ்ட்மேன் காலை ஊன்றிக் கேட்டார், அவருக்கும் சொன்னேன். கேட்காதவர்களிடமும் நின்று நின்று சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.